சுவடிக்குள் மறைந்த கத்தி

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்ற நல்லெண்ணத்தால் எழுந்த பழமொழி அது. கொடுப்பவர் நம் ஊர்க்காரராகவும் உறவினராகவும் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். கொடுப்பவருடைய முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெயர் மெய்யோ பொய்யோ அதுவும் தெரியாது என்னும் நிலையில் அதைக் கைக்கொண்டால் மாடும் போகும், தொழுவமும் போகும். சமூக வலைத்தளங்களில் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி நம்மை அழைக்கும் மென்பொருள்கள் பல இத்தகைய தானங்களே. அவற்றின் பல்லை ஒருமுறைக்கு இருமுறை பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். எவ்வாறு பார்ப்பது, பார்க்கத் தவறியவர் எவ்வாறு மீள்வது என்னும் இரண்டையும் பற்றி, மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

நிகழ்வது என்ன என்பதை முதலில் பார்ப்போம். கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்று அவளுக்குத் தேவைப்படுகிறது. அதற்கு மாதந்தோறும் கட்டணம் கட்டவேண்டும். வீட்டிலிருந்து வரும் பணமோ விடுதிச் செலவுக்கே போதவில்லை. அப்போது யூடியூபில் ஒரு காணொளி தென்படுகிறது. முழு மென்பொருளும் இலவசம், கீழே உள்ள இணைப்பை அழுத்தினால் போதும் என்று ஒரு குரல் சொல்கிறது. "எனக்கு வேலை செய்கிறது, நன்றி" என்று பலர் அதன் அடியில் எழுதியிருக்கிறார்கள். அவள் அழுத்துகிறாள், கோப்பு இறங்குகிறது, திறக்கிறாள். "பிழை ஏற்பட்டது" என்னும் ஒரு வரி மட்டும் திரையில் தோன்றி மறைகிறது. மென்பொருள் பழுது போலும் என்று எண்ணிக் கணினியை மூடிவிட்டு உறங்கச் செல்கிறாள். உண்மையில் மென்பொருள் தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்துவிட்டது. அது அவளுக்காகச் செய்த வேலை அன்று, அவ்வளவுதான் வேறுபாடு. விடிவதற்குள் அவளுடைய மின்னஞ்சலும் இன்ஸ்டாகிராம் கணக்கும் பிறர் கையில் இருக்கின்றன. இந்த மாணவி கற்பனைப் பாத்திரம். ஆனால் இந்த நிகழ்ச்சி கற்பனை அன்று. பல நாடுகளில் நாள்தோறும் நடைபெறுவதன் சுருக்கம் இது.

ஒன்றைச் செய்வதாகச் சொல்லி உள்ளே நுழைந்து வேறொன்றைச் செய்யும் இவ்வகை மென்பொருளுக்கு மேனாட்டார் "டிரோஜன்" என்று பெயர் இட்டிருக்கிறார்கள். கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையை டிராய் நகரத்தார் தாமே கோட்டைக்குள் இழுத்துச் சென்று, அதன் வயிற்றில் ஒளிந்திருந்த வீரர்களால் அழிந்த கதையிலிருந்து வந்த பெயர் அது. நாம் அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இருக்கிறது. திருக்கோவலூரில் இருந்து ஆண்ட அம்மன்னரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன் என்பவன், திருநீறு பூசிச் சடைமுடி புனைந்து அடியார் வேடம் பூண்டான். கையில் ஒரு சுவடிக் கட்டை ஏந்தினான். கட்டுக்குள் கத்தி இருந்தது. வாயில்கள் எல்லாம் அவனுக்குத் திறந்தன. கடைசி வாயிலில் தத்தன் என்னும் காவலன் மட்டும், மன்னர் துயில்கின்றார், சமயம் அறிந்து செல்க என்று தடுத்துப் பார்த்தான். அவனையும் கடந்து உள்ளே சென்ற முத்தநாதன், எங்கும் கிடைக்காத ஆகமநூல் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். தனிமையிலேயே அதை உரைக்க வேண்டும் என்றான். மன்னர் அரசியையும் அப்பால் அனுப்பினார். அதன் பிறகே சுவடிக் கட்டு அவிழ்ந்தது.

தம்மைக் குத்தியவனையும் காத்து அனுப்பிய நாயனாரின் பெருமை அளவிடற்கரியது; அதை ஆராய்வது இப்பேச்சின் நோக்கம் அன்று. முத்தநாதனின் முறையை மட்டும் கவனியுங்கள். அதில் மூன்று படிகள் உள்ளன. மதிப்புக்குரிய வேடம் ஒன்று. கிடைத்தற்கரிய பொருளைத் தருவதாகச் சொல்லும் ஆசைமொழி இரண்டு. காவலை நம் வாயாலேயே விலக்கச் செய்தல் மூன்று. சமூக வலைத்தளங்களில் உலவும் போலி மென்பொருள் ஒவ்வொன்றிலும் இம்மூன்றையும் காணலாம்.

வேடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008-ஆம் ஆண்டில் கூப்ஃபேஸ் என்னும் தீய மென்பொருள் ஃபேஸ்புக் வழியே பரவியது. ஃபேஸ்புக் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அமைத்த பெயர் அது. ஒருவருக்கு அவருடைய நண்பரின் கணக்கிலிருந்தே செய்தி வரும். ஒரு காணொளியைப் பார்க்கும்படி அது தூண்டும். இணைப்பைத் தொட்டால் யூடியூபைப் போன்ற பக்கம் ஒன்று திறக்கும். காணொளி ஓட வேண்டுமானால் ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று அப்பக்கம் கேட்கும். புதுப்பிப்பதாக எண்ணியவர் இறக்கிக்கொண்டது கூப்ஃபேஸையே. உடனே அவருடைய பெயரில் அவருடைய நண்பர்களுக்கெல்லாம் அதே செய்தி பறக்கும். கனடாவில் இதனை ஆராய்ந்தவர்கள் 2010-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அக்கூட்டத்தார் ஓராண்டுக் காலத்தில் ஈட்டிய தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். ஃபிளாஷ் பிளேயருக்கு அளித்துவந்த ஆதரவை அதனை வெளியிட்ட அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஆதலால் இன்று எவரேனும் அதைப் புதுப்பிக்கச் சொன்னால், இறந்தவர் பெயரில் கடிதம் வந்திருப்பதாகவே கொள்ளவேண்டும்.

வேடம் எவ்வளவு நுட்பமாக அமையக்கூடும் என்பதற்கு 2017 நவம்பரில் நிகழ்ந்தது ஒரு சான்று. கூகுள் நிறுவனத்தின் பிளே கடையிலேயே, வாட்ஸ்அப்பைப் புதுப்பிக்கும் செயலி என்று ஒரு போலி இடம்பெற்றது. ஆக்கியோர் பெயர் வாட்ஸ்அப் நிறுவனத்தின் பெயராகவே கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பெயரின் ஈற்றில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்துக்குறியைச் சேர்த்திருந்தார்கள். கணினிக்கு அது வேறு பெயர், மனிதருக்கு அதே பெயர். நீக்கப்படுவதற்கு முன் 10 லட்சம் முறைக்கு மேல் அது இறக்கப்பட்டது. மெய்யான கடைக்குள்ளும் போலிச் சரக்கு புகுந்துவிடுவது உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

இன்னும் ஒரு வேடம் உண்டு. அது பிறருடைய நற்பெயரைத் திருடி அணிந்துகொள்வது. செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு, தீய மென்பொருளைப் பரப்பும் 3,000-க்கு மேற்பட்ட யூடியூப் காணொளிகளைக் கண்டறிந்தது. விலையுயர்ந்த மென்பொருள்களின் பூட்டு உடைத்த பதிப்பும், விளையாட்டுகளில் எளிதில் வெல்ல உதவும் கருவிகளும் தருவதாக அவை சொல்லின. அவற்றுள் பல, பறிக்கப்பட்ட கணக்குகளிலிருந்து வெளியானவை. ஏறத்தாழ 1,29,000 சந்தாதாரர் கொண்ட ஒரு கணக்கும் அவ்வாறு பயன்பட்டது. சில கணக்குகள் காணொளியை ஏற்றின. சில, புகழ்ந்து கருத்து எழுதுவதற்கென்றே இருந்தன. நம் கற்பனை மாணவி படித்த நன்றியுரைகள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது விளங்கும். கூட்டத்தில் கைதட்டுவோரும் கூலிக்கு வந்தவர் என்றால், கைதட்டலைக் கொண்டு பேச்சை மதிப்பிட முடியாது அன்றோ?

இனி, ஆசைமொழி. இது காலத்துக்கேற்ப மாறும். ஊரார் எதை விரும்புகிறார்களோ அதைத் தருவதாக அது சொல்லும். சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் பெயர் உலகெங்கும் பரவியதும், அதே பெயரில் போலிகள் எழுந்தன. 2023 மார்ச் முதல் அவ்வாண்டு மே மாதத் தொடக்கம் வரை, சாட்ஜிபிடி போன்ற கருவிகளாக நடித்த தீய மென்பொருள் வகைகள் ஏறத்தாழ பத்தைக் கண்டதாகவும், 1,000-க்கு மேற்பட்ட இணைப்புகளைத் தடுத்ததாகவும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அறிவித்தது. அதே 2023-இல் நம் நாட்டில், பச்சை நிற வாட்ஸ்அப்பை இளஞ்சிவப்பு நிறமாக மாற்றித் தருவதாக ஒரு செயலி செய்தியோடு செய்தியாய்ப் பரவியது. மும்பைக் காவல்துறை அதைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. நிறம் மாறவேண்டும் என்னும் சிறு ஆசை. அதற்காகக் கைப்பேசி முழுவதையும் அந்நியர் கையில் ஒப்படைக்கும் பெரும் விலை!

ஆசை மட்டும் அன்று, அச்சமும் தூண்டிலாகும். போக்குவரத்து விதியை மீறியதற்கு அபராதம் விதிக்கப்பட்டிருப்பதாகவும், வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும் செய்தி வரும். விவரம் அறிய, இணைத்துள்ள கோப்பைத் திறக்குமாறு அது கூறும். சில வேளைகளில் திருமண அழைப்பிதழ் என்னும் பெயரிலும் கோப்பு வரும். வந்த கோப்பின் ஈற்றெழுத்துகளைப் பார்த்தால் ஏ.பி.கே. என்று இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவுவதற்கு உரிய கோப்பு வகை அது. அழைப்பிதழைப் படிக்கலாம், அபராதச் சீட்டைப் பார்க்கலாம், இவற்றை நிறுவவேண்டிய தேவை உலகில் எவருக்கும் இல்லை. படிக்கவேண்டிய ஒன்று தன்னை நிறுவச் சொன்னால் அது கத்தி மறைந்த சுவடி என்று அறிக.

மூன்றாவது படியே யாவற்றிலும் முக்கியமானது. நம் கருவிகளுக்குத் தத்தனைப் போன்ற காவலர் இருக்கிறார்கள். விண்டோஸ் கணினியோடு டிஃபெண்டர் என்னும் காவல் மென்பொருள் சேர்ந்தே வருகிறது. கூகுள் கடையில் அல்லாமல் வேறிடத்திலிருந்து செயலியை நிறுவ முயன்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசி நம்மை நிறுத்திக் கேட்கிறது. இக்காவலரை வெளியிலிருந்து வெல்வது கடினம். ஆகவே, வீட்டுக்கு உடையவரைக் கொண்டே காவலரை விலக்கச் செய்கிறார்கள். "நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடுங்கள், அது பொய்யாக எச்சரிக்கும்" என்று அறிவுரை எழுதுகிறார்கள். கோப்பைச் சுருக்கிப் பூட்டி, திறவுகோலாகிய கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள். ஊர் அறிய எழுதிவைத்த சாவிக்குப் பூட்டு எதற்கு? காவல் மென்பொருள் உள்ளே பார்த்துவிடக் கூடாது என்பதற்கே அந்தப் பூட்டு.

கைப்பேசியில் வேறு வகையாகக் கேட்பார்கள். குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்பது ஒன்று. அதைக் கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணைத் திருடனும் படிப்பான். அணுகல்தன்மை என்னும் அமைப்புக்கு இசைவு கேட்பது மற்றொன்று. கண்பார்வை குறைந்தோர்க்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை இயலாதோர்க்காகத் திரையைத் தொட்டுக் கொடுக்கவும் அன்புடன் அமைத்த வசதி அது. தீயவன் கையில் அதுவே நம் திரையைப் படிக்கும் கண்ணாகவும், நம் பெயரில் பொத்தானை அழுத்தும் விரலாகவும் மாறிவிடுகிறது.

2024 முதல் மிகுதியாகப் பரவிய இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. "நீங்கள் மனிதர்தாம் என்று மெய்ப்பியுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் கட்டத்தில் ஒட்டி, என்டர் விசையைத் தட்டுமாறு அது சொல்லும். எதை ஒட்டுகிறோம் என்பது நமக்குத் தெரியாது. தீய மென்பொருளை இறக்கி ஓட்டும் கட்டளை அது. 2025-இல் டிக்டாக் காணொளிகள் சில, கட்டண மென்பொருளை இலவசமாக இயக்கும் வழி என்று சொல்லி இதே பாடத்தைக் கற்பித்தன. கதவை உடைக்க ஆள் தேவையில்லை. கதவைத் திறப்பது நம் கையே.

உள்ளே புகுந்தது எதை எடுக்கிறது? இணைய உலாவியில் நாம் சேமித்துவைத்த கடவுச்சொற்களை எடுக்கிறது. அவற்றைவிட அரிய மற்றொன்றையும் எடுக்கிறது. பொருட்காட்சிக்குள் ஒருமுறை சீட்டுக் கொடுத்து நுழைந்தவருடைய கையில் முத்திரை ஒன்று குத்துவார்கள்; வெளியே போய்த் திரும்பி வந்தால் முத்திரையைக் காட்டினால் போதும். அதுபோல, நாம் ஒரு தளத்தில் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து நுழைந்ததும், அத்தளம் நம் உலாவியில் குக்கி என்னும் சிறு அடையாளத்தை வைக்கிறது. அடுத்த முறை அதைப் பார்த்தே உள்ளே விடுகிறது. திருடன் அந்த முத்திரையைப் படியெடுத்துக்கொண்டால், அவனிடம் கடவுச்சொல்லையும் கேட்பதில்லை, ஓ.டி.பி.யையும் கேட்பதில்லை. இவ்வாறு அள்ளிச் செல்லும் லும்மா என்னும் ஒரு மென்பொருள் மட்டும், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெரிவித்தது. நீதிமன்ற ஆணையோடு அதன் இணைய முகவரிகள் ஏறத்தாழ 2,300 அப்போது கைப்பற்றப்பட்டன.

பறிபோகும் கணக்கு அதோடு நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டும். நேற்று வரை உங்கள் பெயரில் இருந்த கணக்கு, நாளை உங்கள் தோழருக்கு விரிக்கும் வலையாகிறது. நீங்கள் சொன்னால் நம்புவார் என்பதற்காகவே அவருக்கு உங்கள் பெயரில் செய்தி போகிறது. பணம் போனால் உழைத்துத் தேடலாம். பத்தாண்டுப் பழக்கத்தில் விளைந்த நம்பிக்கையை ஒருவன் உங்கள் பெயரைக் கொண்டே செலவழித்துவிட்டால் அதைத் தேடிப் பெறுவது எளிதன்று. போலி மென்பொருளைப் பற்றி நாம் கவலை கொள்வதற்கு இதுவே தலையாய காரணம்.

வராமல் காப்பது எவ்வாறு? வள்ளுவர் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராய்ந்த பிறகு நம்புதல் என்பது அதன் கருத்து. நம்பிய பிறகு ஆராய்தல் அன்று. அந்நெறியை நம் பொருளுக்கு ஏற்ப நான்கு பழக்கங்களாகச் சொல்லலாம்.

முதலாவது, மென்பொருள் உங்களைத் தேடி வரவிடாதீர்கள். நீங்கள் அதைத் தேடிச் செல்லுங்கள். ஒரு காணொளியில் நல்ல கருவி ஒன்றைக் கண்டால், பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, அதை ஆக்கியவருடைய சொந்தத் தளத்துக்கோ கைப்பேசியின் முறையான கடைக்கோ நீங்களே செல்லுங்கள். தேடும்போது முதலில் தோன்றுவது விளம்பரமாக இருக்கலாம். விளம்பரத்துக்கும் வேடம் உண்டு. இரண்டாவது, கோப்பின் முழுப்பெயரைப் பாருங்கள். விண்டோஸ் இயல்பாகக் கோப்புப் பெயரின் ஈற்றுப் பகுதியை மறைத்துவைக்கிறது. பி.டி.எஃப். என்று முடிவதுபோல் தோன்றும் கோப்பு, உண்மையில் இ.எக்ஸ்.இ. என்று முடியும் நிரலாக இருக்கக்கூடும். ஈற்றுப் பகுதியைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டால் இந்த மறைவு நீங்கும். மூன்றாவது, காவலை விலக்கச் சொல்லும் எந்த அறிவுரையையும் ஏற்காதீர்கள். வைரஸ் தடுப்பை நிறுத்து, தெரியாத இடத்திலிருந்து நிறுவ இசைவு கொடு, புரியாத கட்டளையை ஒட்டு என்னும் இம்மூன்றில் ஒன்றைக் கேட்டவுடன் எழுந்துவிடுங்கள். நான்காவது, முன்கூட்டியே வீட்டை ஒழுங்கு செய்யுங்கள். கருவியின் புதுப்பிப்புகளை அதன் அமைப்புப் பகுதியிலிருந்தே பெறுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அரிய கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்திருங்கள்.

இவ்விடத்தில் மாணவர் சிலர் கேட்கலாம்: "கட்டணம் கட்ட வசதி இல்லாதவர் என்ன செய்வது? கிராக் செய்த மென்பொருளைத்தானே நாடவேண்டியிருக்கிறது?" நியாயமான கேள்வி. பிறருடைய உழைப்பை உரிமையின்றி எடுப்பது சட்டத்துக்கும் முறைமைக்கும் மாறானது என்பது ஒரு விடை. அதைவிடப் பயனுள்ள விடை, நேர்வழியிலேயே இலவசமாகக் கிடைப்பவை பல உள்ளன என்பது. படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தம் பாடத் திட்டப்பணியாகத் தொடங்கியது அது. முப்பரிமாணப் படங்கள் ஆக்க பிளெண்டர் இருக்கிறது. அதனை ஆக்கிய டான் ரோசெண்டால் 2002-இல் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி, அதன் மூலநிரலை எல்லார்க்கும் உரியதாக்கினார். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது. இவற்றையும் அவற்றுக்குரிய தளத்திலிருந்தே பெறவேண்டும். ஏனெனில் இலவசப் பொருளுக்கும் போலி உண்டு. கட்டண மென்பொருள் பலவற்றில் மாணவர்க்குச் சலுகை உண்டு என்பதையும், கல்லூரியே உரிமம் பெற்றிருக்கலாம் என்பதையும் ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் ஒருவர் தவறுதலாகத் திறந்துவிட்டார் என்று கொள்வோம். அவர் செய்யவேண்டுவன யாவை? இங்கே வரிசை முக்கியமானது.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வைஃபையை நிறுத்தலாம்; கைப்பேசியாயின் விமானப் பயன்முறைக்கு மாற்றலாம். அள்ளிய பொருளை வெளியே அனுப்பும் வழி அதனால் அடைபடும். அடுத்து, அந்தக் கருவியைத் தொடாமல், தூய்மையான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றவேண்டும். நோய் கொண்ட கணினியிலேயே மாற்றினால், புதிய சாவியையும் திருடன் கையில் கொடுத்ததாகும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். பிற கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தருவது மின்னஞ்சலே. சாவிக்கொத்து தொங்கும் ஆணி அது. பிறகு வங்கி, அதன் பிறகு சமூக வலைத்தளங்கள். ஒவ்வொன்றிலும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்னும் பொத்தானை அழுத்துங்கள். முன்பு சொன்ன முத்திரைகள் அப்போதுதான் செல்லாமற் போகும். மீட்புக்கென்று பதிந்த தொலைபேசி எண்ணும் முகவரியும் உங்களுடையனதாமா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் பாருங்கள். அறியாதது இருந்தால் நீக்குங்கள்.

பணம் போயிருந்தாலும், போகக்கூடும் என்று ஐயம் இருந்தாலும், இவற்றுக்காகக் காத்திராமல் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். இணையவழிப் பணமோசடிக்கென்று இந்திய அரசு நடத்தும் உதவி எண் அது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டே செல்லும். தாவி முடிவதற்குள் தெரிவித்தால் இடைவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. 2017 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதியிலும் காலத்துக்கே முதலிடம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்றது அது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததாயினும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றது. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் பணத்துக்கு நிகர். வந்த செய்தி, இணைப்பு, பணம் சென்ற பதிவெண் ஆகியவற்றைப் படம் பிடித்து வையுங்கள், சினத்தால் அழித்துவிடாதீர்கள். கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அதற்குச் சான்று வேண்டும்.

பிறகு கருவியைத் தூய்மை செய்யவேண்டும். காவல் மென்பொருளைக் கொண்டு முழுச் சோதனை செய்யலாம். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் இதற்கென இலவசக் கருவிகளைத் தருகிறது. ஐயம் தீராதபோது, புகைப்படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி. நிரல் கோப்புகளைப் படியெடுத்தால் கத்தியும் கூடவே வரும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. கணக்கை இழந்து வருந்துவோரைத் தேடி, "நான் மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் போதும்" என்று சிலர் சமூக வலைத்தளங்களில் வருவார்கள். இவர்கள் இரண்டாவது திருடர்கள். கணக்கை மீட்கும் வழி அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாகச் சொல்லவேண்டியது வெட்கத்தைப் பற்றி. ஏமாந்தவர் முதலில் செய்வது மறைப்பது. வீட்டில் திட்டுவார்கள், தோழர்கள் நகைப்பார்கள், கிராக் செய்த மென்பொருளை நாடியது வெளியாகிவிடும் என்று அஞ்சி அவர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் முழுவதும் திருடனுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம். தந்தையின் வங்கிக் கணக்கு அதே கைப்பேசியில் இருக்கலாம்; தோழியின் பெயர் அடுத்த பட்டியலில் இருக்கலாம். உங்கள் கணக்கிலிருந்து எது வந்தாலும் திறக்கவேண்டாம் என்று எல்லார்க்கும் உடனே சொல்லிவிடுவது நட்புக்குச் செய்யும் கடமை. அதுபோலவே, ஏமாந்து வந்து நிற்கும் தம்பியையோ தங்கையையோ கண்டால் முதலில் கடிந்துகொள்ளாதீர்கள். பத்து லட்சம் பேர் ஏமாந்த வேடத்தில் ஒரு பிள்ளை ஏமாந்தது வியப்பன்று. "எப்போது திறந்தாய்? எதைத் திறந்தாய்?" என்று கேட்டு, இணையத் தொடர்பைத் துண்டித்து, அருகில் அமர்ந்து உதவுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அபராதச் சீட்டும் அழைப்பிதழும் அவர்கள் கைப்பேசிக்கும் வரக்கூடும்.

கணினி நமக்குக் கிடைத்துள்ள பெரும் செல்வம். அதைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது அறிவுடைமை ஆகாது. கற்கவேண்டியவை எல்லாம் கற்கலாம். ஆக்கவேண்டியவை எல்லாம் ஆக்கலாம். சுவடி ஏந்தி வருவோரை வரவேற்பதும் நம் மரபே. ஆயினும், வந்தவர் "காவலனைப் போகச் சொல்" என்று கேட்கும் நொடியில், சுவடிக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். மெய்யான நூலைக் கொண்டுவந்தவர் அதற்காக ஒருபோதும் வருந்தமாட்டார்.